‘ஓதும் கல்’ அல்ல, ‘ஊதும் கல்’

செம்பூர், பம்பாய் – 71
15-2-1986, சனிக்கிழமை

மகாகனம் பொருந்திய ‘துறைமுகத் தடம்’ மாத இதழின் ஆசிரியரும், அச்சிடுபவரும், வெளியிடுபவரும், சில மாதங்களில் தாமே சைக்கிளில் வந்து வீடு வீடாகப் போடுபவருமான திரு. கணேசபாண்டியன் அவர்கள் சமூகத்துக்கு, ஓய்வுபெற்ற சரக்குக் குமாஸ்தா பஞ்சாபகேசன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் என் மனைவி விசாலாக்ஷியும், அவளுடைய இரண்டு முழங்கால்கள் நீங்கலாக, க்ஷேமம். தாராவியில் தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் அவ்வாறே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இயந்திரம் மட்டும் கொஞ்சம் க்ஷேமக் குறைவாக இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

தங்கள் பொங்கல் மலர் பொங்கலுக்கு முன்பே கைக்குக் கிடைத்தது. ஆச்சரியத்திலிருந்து நான் மீளுவதற்குள் ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். நான் அனுப்பிய ‘7-பி கேட்டும் சரக்கு டிப்போவும்: ஓர் உண்மை வரலாறு’ என்ற நாற்பத்தொரு பக்கக் கட்டுரை இரண்டரைப் பக்கமாக இளைத்துப்போய் அங்கே படுத்திருந்தது. பாக்கி அரைப் பக்கத்தில் மாட்டுங்கா வெள்ளிப் பாத்திரக் கடை விளம்பரம். முப்பத்தெட்டரைப் பக்கத்தை வெட்டியதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கப்போவதில்லை. தங்களுக்கு வரலாற்றைவிட வெள்ளிப் பாத்திரம் முக்கியமாக இருக்கலாம், அது அவரவர் குடும்ப சூழ்நிலை. என் புகார் ஒரே ஓர் எழுத்தைப் பற்றியது. அந்த எழுத்தால் இந்த ஒரு மாதத்தில் இங்கே என்னவெல்லாம் நடந்துவிட்டது என்பதைத் தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும். நான் தங்கள் தலையங்கங்களை ஆறு வருஷமாகப் பொறுமையாகப் படித்து வருகிறேன்.

முதலில், இந்தக் கட்டுரையை நானாக எழுதவில்லை என்பதை ஞாபகப்படுத்துகிறேன். நவம்பர் மாதம் கேட்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். போக்குவரத்துப் போதாத காரணத்தால் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 7-பி கேட் நிரந்தரமாக மூடப்படும், இருபக்கமும் சுவர் எழுப்பப்படும், பொதுமக்கள் முக்கால் மைல் தள்ளியிருக்கும் மேம்பாலத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று. ஏப்ரல் முதல் தேதி என்று இருந்ததால் முதலில் ஒருவரும் நம்பவில்லை. நம்பிய பிறகு எல்லோரும் அந்த மேம்பாலத்தை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்போது தாங்கள் என் வீட்டுக்கு வந்து, ஐந்து அடை சாப்பிட்டுவிட்டு, “அய்யா, ஒரு வரலாறு மட்டும் இருக்குன்னு எழுதிக் காமிச்சிட்டோம்னு வைங்க, அப்புறம் ஒருத்தன் கை வைக்க மாட்டான். அந்த டிப்போவுல முப்பத்தி நாலு வருசம் குப்பை கொட்டுனது நீங்கதானே, நீங்களே எழுதிப்புடுங்க” என்றீர்கள். குப்பை கொட்டியது என்பதை நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். ஆறாவது அடையின்போது ஒரு நிபந்தனையும் போட்டீர்கள். கட்டுரையில் ஓர் ஆங்கிலச் சொல்கூட வரக்கூடாது, துறைமுகத் தடம் தூய தமிழ் ஏடு என்று. ஹார்பர் லைனையே துறைமுகத் தடம் ஆக்கியவர் சொல்கிறாரே என்று நானும் தலையாட்டினேன். அதுதான் நான் செய்த தப்பு. கேட், இருப்புப்பாதைக் கதவம் ஆயிற்று. டிப்போ, பண்டகச்சாலை ஆயிற்று. எழுதி முடித்து விசாலாக்ஷியிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “ரொம்ப நன்னா இருக்கு. எந்த ஊர்க் கோவில் இது?” என்றாள்.

தாங்கள் வெட்டி எறிந்த வரலாற்றைச் சுருக்கமாக இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி அதற்கு வேறு கதியில்லை. 1944-ல் சண்டைக்காலத்தில், ராணுவத்துக்குக் கூடாரமும் கம்பளியும் வைக்க இங்கே ஒரு டிப்போ கட்ட உத்தரவாயிற்று. கூரை போட்டு முடித்த வாரம் சண்டை முடிந்துவிட்டது. இடிப்பதற்கு வேறு உத்தரவு வேண்டும் என்பதால் இருக்கட்டும் என்று விட்டார்கள். பிறகு உப்பு வந்தது, கரைந்தது. நிலக்கரி வந்தது, நனைந்தது. வெங்காயம் வந்தது, அது எந்த ரசீதும் இல்லாமல் ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. டிப்போவுக்குப் போன ஒற்றைத் தண்டவாளம் மாட்டு வண்டிப் பாதையைக் குறுக்கே வெட்டியதால் ஒரு கேட் போட்டார்கள். கேட் இருந்ததால் ஜனங்கள் காத்திருந்தார்கள், ஜனங்கள் காத்திருந்ததால் மேலப்பாளையத்திலிருந்து வந்த கரீம் பாட்சா அங்கே டீக்கடை போட்டார், டீக்கடை இருந்ததால் இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள். இந்த வட்டாரத்தின் நாகரிகம் இவ்வாறு தோன்றியது. ஊரிலிருந்து பெட்டி படுக்கையோடு வருகிறவர்கள் ‘டிப்போவில் இறங்கிக்கொள்’ என்ற கடுதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் டிப்போவுக்குப் பதிலாக எங்கள் டிப்போவில் வந்து நிற்பார்கள். அவர்களை எந்தச் சரக்குப் பட்டியலிலும் சேர்க்காமல் திருப்பி அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. நாளுக்கு ரயில் இரண்டு. ஒரு ரயிலுக்குக் கேட் சாத்தியிருப்பது நாற்பது நிமிடம், ரயில் கடக்க மூன்று நிமிடம். மிச்சம் முப்பத்தேழு நிமிடம் எதற்கு என்று 1958-ல் இலாகாவுக்கு எழுதிக் கேட்டேன். பதில் வருவதற்குள் கேட்டே போய்விடும் போலிருக்கிறது.

நான் எப்படிப்பட்டவன் என்று தங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால் 1979-ஆம் வருஷ சம்பவம் ஒன்றையும் சொல்கிறேன். என் ஒரே மகள் ருக்குவின் கல்யாணம். மண்டபம் கேட்டுக்கு இந்தப் பக்கம், மாப்பிள்ளை வீடு அந்தப் பக்கம். ஒன்பதிலிருந்து பத்தரை முகூர்த்தம். மாப்பிள்ளை அழைப்பு மேளதாளத்தோடு கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது கேட்மேன் பூலோகம் கேட்டைச் சாத்தியிருந்தான். அன்றைக்கென்று பார்த்து கூட்ஸ் ரயில் டிப்போ வாசலில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்றது. அந்தப் பக்கம் மாப்பிள்ளை கோட்டு சூட்டில் வியர்த்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கம் கையில் மாலையோடு நான். பூலோகம் என்னைப் பார்த்து, “பாபு சார், மாப்பிள்ளை நிக்காரு. ரயிலும் அசையக் காணோம். கொஞ்சூண்டு தூக்கிவிடட்டா? ஒரு ஆளு நுழையிற அளவுக்கு?” என்று கேட்டான். “பூலோகம், ரூல் புஸ்தகத்துல மாப்பிள்ளைக்குன்னு தனியா ஒண்ணும் போடலை” என்றேன். முகூர்த்தம் போயிற்று. சாஸ்திரிகள் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பதினொன்றேகாலுக்கு இன்னொன்று கண்டுபிடித்துக் கொடுத்தார். விசாலாக்ஷி அன்று பேச்சை நிறுத்தியவள் தீபாவளிக்குத்தான் வாயைத் திறந்தாள், திறந்ததும் இந்த விஷயத்தைத்தான் பேசினாள். ஆனால் முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் என் கையால் ஒரு பொய் எழுத்து விழுந்ததில்லை. இதை என் எதிரிகளே சொல்வார்கள், இலாகாவில் எனக்கு அவர்கள்தான் அதிகம்.

இப்போது கல்லுக்கு வருகிறேன். கேட் வரப்போகிறது, விசில் ஊது என்று டிரைவருக்குச் சொல்வதற்காகத் தண்டவாளத்தின் ஓரம் ஒரு கல் நடுவது வழக்கம். எங்கள் கேட்டுக்கு அப்படி ஒரு கல் வேண்டும் என்று 1953-ல் இண்டெண்ட் எழுதியவன் நான். எழுதிய நகல் என்னிடம் இருக்கிறது. கேட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு மைல் முன்னால் நட வேண்டிய கல். கொண்டுவந்த வண்டியின் அச்சு கேட்டருகே முறிந்ததால் இறக்கிய இடத்திலேயே நட்டுவிட்டார்கள். அதாவது டிரைவர் கேட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, காத்திருக்கிறவர்களின் காதுக்குள் விசில் ஊதுவார். கல்லின் முன்பக்கம் W/L என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருக்கும், விசில், லெவல் கிராசிங் என்பதன் சுருக்கம். 1965-ல் இந்தியிலும் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. பெயிண்டர், முன்பக்கம் நின்று எழுதினால் முதுகுக்குப் பின்னால் ரயில் வருவது தெரியாது என்று பயந்து, பின்பக்கத்தில் எழுதினான். சீ/ஃபா. சீட்டி என்றால் விசில், ஃபாட்டக் என்றால் கேட். இவ்வளவுதான் அந்தக் கல்லின் வாழ்க்கை வரலாறு.

இந்தக் கல்லுக்குத் தூய தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இரண்டு நாள் யோசித்து ‘ஊதும் கல்’ என்று வைத்தேன். “கதவத்தின் அருகே ஊதும் கல் ஒன்று உள்ளது. ஓட்டுநர் அதைக் கண்டதும் ஊதுவார்” என்று எழுதியிருந்தேன். தங்கள் எழுத்துக் கோப்பவர் பம்பாயில் பிறந்து இந்தியில் படித்தவராம், தமிழை எட்ட நின்றுதான் பார்த்திருக்கிறாராம். அவர் ‘ஊ’ என்ற எழுத்தை ‘ஓ’ என்று கோத்துவிட்டார். “கதவத்தின் அருகே ஓதும் கல் ஒன்று உள்ளது. ஓட்டுநர் அதைக் கண்டதும் ஓதுவார்.” மாஹிமிலிருந்து வந்து இருபது வருஷமாக கூட்ஸ் ஓட்டும் டிசோசா, ஒரே இரவில் ஓதுவார் ஆகிவிட்டார். முப்பத்தெட்டரைப் பக்கம் போயும் இந்த இரண்டு வரியை மட்டும் தாங்கள் வெட்டவில்லை என்பதைக் கவனித்தேன்.

மலர் வந்த மறுநாள் கரீம் பாட்சா கடையில் அதை உரக்கப் படித்திருக்கிறார். ஓதும் கல் என்றதும் எழுந்து போய்க் கல்லைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். பஸ் போர்டுகளைப் படித்தே இந்தி கற்றவர், பின்பக்கத்து எழுத்தைக் கூட்டிப் படித்திருக்கிறார். சீ. ஃபா. நோய் தீர்வதை அவர்கள் வீட்டில் ஷிஃபா என்பார்கள், அவர் வாயில் அது சிஃபாதான். போன மழைக்காலத்தில் அவர் மனைவி நூர் நிஷா கேட் திறக்கக் காத்திருந்தபோது அந்தக் கல்லில் சாய்ந்து நின்றதும், இடுப்புவலி விட்டுப்போனதும் அந்தக் கணமே அவருக்கு நினைவு வந்துவிட்டது. நாற்பது நிமிடம் ஒரு வேலையும் செய்யாமல் நிற்க விட்டால் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் இடுப்புவலி போகும். இதை நான் சொன்னபோது அவர் கேட்கவில்லை. அச்சுப்பிழை ஐயா, அது ஓதும் கல் இல்லை, ஊதும் கல் என்று விளக்கினேன். விளக்கியதுதான் தாமதம், அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப ரெண்டும் சரியாத்தான வருது அய்யரே! நம்ம பள்ளிவாசல்ல ஹஜரத்து பிள்ளையளுக்குக் காய்ச்சல்னா மொதல்ல ஓதுவாக, பெறகுதான் ஊதுவாக. ஓதாம வெறுமன ஊதுனா அது பலூன்லா?”

ஒரு திருத்தத்தால் ஒரு பிழை இவ்வளவு பலப்பட்டதை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. மனம் நொந்து வீட்டுக்கு வந்தால், விசாலாக்ஷி கையில் மலரோடு வாசலில் நிற்கிறாள். அவள் கல்லின் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

“ஏன்னா, முப்பத்திநாலு வருஷம் அந்தக் கல்லுக்குப் பக்கத்துலயே உக்காந்திருந்தேளே, அது வேல்னு என்கிட்ட ஒரு நாளாவது சொன்னேளா?”

“எது வேல்?”

“மொத எழுத்து வே. அப்பறம் ல். நடுவுல சாய்ச்சு ஒரு கோடு போட்டிருக்கே, அது என்னவாம்? வேலைச் சாத்தி வெச்சிருக்கா.”

அது டபிள்யூ, ஆங்கில எழுத்து என்றேன். “டபிள்யூன்னா வே தானே? பாலக்காட்டுல எங்காத்துக்கு எதிர்த்தாத்து வேலாயுதன் நாயர் கையெழுத்துப் போடறச்சே டபிள்யூ போட்டுத்தான் போடுவார்” என்று சொல்லிவிட்டு, விபூதி டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் மாட்டுங்காவில் இருக்கும் தன் சிநேகிதிகள் நாலு பேரிடம் சொன்னாள். அந்த நாலு பேரும் ஆளுக்கு நாற்பது பேரிடம் சொன்னார்கள். நூர் நிஷா சீத்தா கேம்ப்பில் இருக்கும் தன் தங்கையிடம் சொன்னாள். அதற்கு மேல் யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாட்டுங்காவிலிருந்து டாக்ஸிகள், வியாழக்கிழமை சீத்தா கேம்ப்பிலிருந்து டெம்போக்கள், மற்ற நாட்களில் இரண்டும் கலந்து ஆட்டோக்கள். சண்டை சச்சரவு ஏதாவது வருமோ என்று நான் பயந்தேன். ஒன்றும் வரவில்லை. முன்பக்கத்தாருக்குப் பின்பக்கம் வேண்டாம், பின்பக்கத்தாருக்கு முன்பக்கம் வேண்டாம். முன்னால் விபூதி, பின்னால் பச்சைத் துணி, மேலே எப்போதும்போல் பூலோகத்தின் டிபன் டப்பா. எழுத்தெல்லாம் மறைந்துவிட்டதால் டிசோசாவுக்கு இப்போது விசில் ஊத ஞாபகம் வருவதில்லை. கல்லைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு போகிறார்.

இதோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை கணக்கெடுப்பு ஆரம்பித்தது. தங்களுக்கு இலாகா நடைமுறை தெரியாது, சொல்கிறேன். ஒரு கேட்டை வைப்பதா மூடுவதா என்று தீர்மானிக்க, ஒரு பாபு, அதாவது இலாகா குமாஸ்தா, ஏழு நாள் கேட்டருகே உட்கார்ந்து, கடந்து போகும் வண்டிகளையெல்லாம் கோடு போட்டு எண்ணுவார். மோட்டார் வண்டிக்கு ஒரு கட்டம், மாட்டு வண்டிக்கு ஒரு கட்டம், சைக்கிளுக்கு ஒரு கட்டம், ‘இதர’ என்று ஒரு கட்டம். மூன்று வருஷம் முன்னால் எண்ணியபோது ஏழு நாளில் டெம்போ பதினாலு, மாட்டு வண்டி ஒன்பது, ‘இதர’ ஒன்று. அந்த ஒன்று, பேண்டு வாத்தியக்காரர்கள் தள்ளிக்கொண்டு போன ஹார்மோனியம். அந்தக் கணக்கை வைத்துத்தான் மூடும் உத்தரவு வந்தது. இந்த முறை பாபு மூன்றாம் நாளே இரண்டாவது நோட்டுப் புத்தகம் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். “க்யா காகா, இதர் மேளா லகா ஹை க்யா?” என்று என்னைக் கேட்டார். திருவிழா இல்லை ஐயா, அச்சுப்பிழை என்று இந்தியில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் படிவத்தில் நடந்து போகிறவர்களுக்குக் கட்டம் கிடையாது. இலாகாவைப் பொறுத்தவரை சக்கரம் இல்லாதவர் கேட்டைக் கடப்பதில்லை. திங்கட்கிழமை இதை விசாலாக்ஷிக்குப் பென்சிலால் கட்டம் போட்டு விளக்கினேன். நான் சொன்ன ஒரு விஷயத்தை அவள் முழுக்கக் கேட்டது எங்கள் தாம்பத்தியத்தில் அதுதான் முதல் தடவை. சொல்லிக்கொண்டு வரும்போதே பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். ருக்கு பாங்கில் வேலை பார்க்கிறாள், இரண்டு குழந்தைகள். காலை ஏழரைக்கு விசாலாக்ஷி கேட்டைத் தாண்டிப் போய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால்தான் ருக்கு எட்டு பன்னிரண்டு லோக்கலைப் பிடிக்க முடியும். ஐந்து வருஷத்துக்கு மேலாக, மழையிலும் வெயிலிலும், தூக்குப் பாத்திரத்தோடு தினம் இரண்டு தடவை அவள் அந்தத் தண்டவாளத்தைத் தாண்டுகிறாள். இலாகாக் கணக்கின்படி அவள் ஒரு தடவைகூடத் தாண்டவில்லை. கேட் மூடினால் மேம்பாலத்துக்கு முக்கால் மைல், ஏற அறுபத்திரண்டு படி, இறங்க அறுபத்திரண்டு படி. நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். அவள் முழங்காலுக்கு ஆறு படியே அதிகம்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, சார். நான் கல் இல்லை. ஆனால் இலாகாக் கணக்கு ஒரு பொய்யின் மேல் நிற்கிறது, அந்தப் பொய் என் பெயர் போட்ட கட்டுரையில் இருக்கிறது. சொந்த மகள் முகூர்த்தத்துக்கே கேட்டைத் தூக்கவிடாதவன், இப்போது ஓர் ‘ஓ’வுக்காகக் கண்ணை மூடிக்கொண்டால் அன்றைக்கு மாப்பிள்ளையை வியர்க்க விட்டதற்கு என்ன அர்த்தம்? நாலு நாளாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். தாங்கள் மார்ச் இதழில், நான் எழுதியது ‘ஊதும் கல்’ என்றும், அது விசில் ஊதச் சொல்லும் சாதாரண ரயில்வே கல் என்றும், 1953-ல் அதற்கு இண்டெண்ட் எழுதியவன் நானே என்றும், வெள்ளிப் பாத்திர விளம்பரம் போட்ட அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிட வேண்டும். இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றைக் கோட்ட அலுவலகத்துக்கும் அனுப்புகிறேன். அதற்குப் பிறகு அவர்கள் சுவர் எழுப்பினால் எழுப்பட்டும். விசாலாக்ஷிக்கு இன்னும் நான் சொல்லவில்லை. இந்தத் தடவை தீபாவளிக்கும் பேச மாட்டாள்.

தங்கள் ஏடு நீண்ட காலம் நடக்கட்டும், சந்தாதாரர்கள் பெருகட்டும், தங்கள் எழுத்துக் கோப்பவருக்கு ஊ, ஓ என்ற இரண்டு எழுத்துகளிலாவது சரஸ்வதி கடாட்சம் உண்டாகட்டும். தங்கள் இல்லத்தரசிக்கு எங்கள் விசாரிப்பு. அடுத்த முறை அடை சாப்பிட வரும்போது கையில் திருத்தத்தோடு வரவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள (இந்தச் சொல்லை வெட்ட வேண்டாம்)
பஞ்சாபகேசன்
சரக்குக் குமாஸ்தா, ஓய்வு

இணைப்பு: 1953 இண்டெண்ட், உண்மை நகல்.
நகல்: கோட்ட அலுவலகம்.

பி.கு: மேலே கண்ட எதையும் பிரசுரிக்க வேண்டாம். கவருக்கு ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனமில்லாததால்தான் அனுப்புகிறேன். இதைக் கரீம் பாட்சா கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து ஆடினால் மன்னிக்கவும்.

தபால்பெட்டி கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நாற்பத்தொரு பக்கத்தில் இதை எழுத எனக்குத் தோன்றவே இல்லை. சாயங்காலம் நாலரைக்கு நான் போனபோது பூலோகம் கேட்டைச் சாத்தியிருந்தான். நிற்க வேறு இடமில்லாமல் அந்தக் கல்லில் சாய்ந்து நின்றேன். ரயில் போய்க் கேட் திறந்ததும் எதிர்ப் பக்கத்திலிருந்து முதலாவதாக ஓர் ஆட்டோ வந்தது. உள்ளே மடியில் தூக்குப் பாத்திரத்தோடு விசாலாக்ஷி, பக்கத்தில் நூர் நிஷா. குழந்தைகளுக்கு என்னவோ என்று நினைத்தேன். மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து பத்துக் கிலோ சேனைக்கிழங்கோடு வந்தாலும் பஸ்ஸில்தான் வருவேன் என்பவள் அவள். ஆட்டோ தண்டவாளத்தைத் தாண்டியது, டீக்கடை முன்னால் ஒரு வட்டம் போட்டது, திரும்பித் தாண்டிப் போனது. அங்கே ஒரு வட்டம், மறுபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் பாபு ஒரு கோடு போட்டார். ஐந்தாவது தடவை நான் குறுக்கே போய் நின்றேன்.

“என்னடி இது?”

“நடந்தா கணக்குல வராதுன்னு பென்சிலை வெச்சுண்டு நீங்கதானே விளக்கினேள்? அதான் சக்கரத்துல போறேன். வண்டி கரீம் பாய் மச்சினனோடது, ஓசிதான். தள்ளிக்கோங்கோ, ஆறு மணிக்கு அவன் நோட்டை மூடிடுவான்.”

“வேல் காப்பாத்தும்னு அந்தக் கல்லுக்குத் தினம் விபூதி பூசினியே, அது போறாதா?”

“வேலா?” என்று அவள் என்னைப் பார்த்த பார்வையைத் தங்களுக்கு எழுத முடியாது. “முப்பத்தஞ்சு வருஷமா உங்க ரூல் புஸ்தகத்தைத் தூசி தட்டி வெக்கறவ நான். டபிள்யூ எல்-னா விசில், லெவல் கிராசிங். நூத்திப் பதினாலாம் பக்கத்துல படமே போட்டிருக்கு.”

“பின்னே ஏன் வேல்னு சொன்னே?”

“விசில்னு சொன்னா மாட்டுங்காலேர்ந்து யாராவது டாக்ஸி வெச்சுண்டு வருவாளா?”

கரீம் பாட்சா பக்கம் திரும்பினேன். அவர் பால் பொங்குவதையே ரொம்ப சிரத்தையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நூர் நிஷா முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது, பிறகு விசாலாக்ஷியின் காலைப் பார்த்தேன். காலையில் வீங்கியிருந்த முழங்கால் இன்னும் வீங்கித்தான் இருந்தது. நான் டிரைவர் சீட்டின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டேன். ஆறு மணிக்குள் இன்னும் பதினேழு தடவை தாண்டினோம். நோட்டை மூடும்போது பாபு, “காகா, யே ஃபாட்டக் அப் பந்த் நஹீ ஹோகா” என்றார். இந்தக் கேட் இனி மூடாது என்று பூலோகம் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, டிபன் டப்பாவைக் கல் மேலிருந்து எடுத்து, முதல் தடவையாகக் கீழே வைத்தான்.

கோட்ட அலுவலகத்துக்கு எழுதிய நகலில் கரீம் பாட்சா பஜியா மடித்துக் கொடுத்துவிட்டார். இணைப்பையும் தேட வேண்டாம். பஜியா இரண்டு பொட்டலம் ஆயிற்று, காகிதம் போதவில்லை, நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.

திருத்தம் ஏதாவது போட்டே ஆக வேண்டுமென்றால் இதை மட்டும் போடவும். 1953-ல் நான் இண்டெண்ட் எழுதியதாகச் சொன்னது ஞாபகப் பிசகு. 1949-ல் நான் டியூட்டியில் சேரும்போதே அந்தக் கல் அங்கே இருந்தது. அப்போதே ரொம்பப் பழசாக இருந்தது.